கோச்சிங்: கம்பெனி தப்பை நம் தலையில் கட்டும் வித்தையா?

ஜோபர்க் (தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்) வாசகர் ஒருவரின் கேள்வி, 29 அக்டோபர் 2023

ஆறு வருடமாக ஒரே கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். போன மாதம் மேனேஜர் கூப்பிட்டு, "உனக்கு ஒரு கோச் ஏற்பாடு பண்ணியிருக்கோம், ஆறு தடவை உட்காரணும்" என்றார். கோச் என்றால் தனியாக உட்கார்ந்து கேள்வி கேட்டே நம்மை யோசிக்க வைக்கும் ஆளாம். முதல் நாள் அந்த அம்மா கேட்டதெல்லாம் "இதில் உன் பங்கு என்ன", "நீ எதைக் கவனிக்காமல் விட்டாய்" என்பதுதான். எங்கள் பிரிவில் ஐந்து பேர் இருந்தோம். இரண்டு பேர் போய்விட்டார்கள், பதிலுக்கு ஆள் எடுக்கவில்லை. மாதக் கடைசிக் கணக்கு தாமதமாவதற்கு அதுதான் காரணம். இதில் என் மனதை நான் தோண்டிப் பார்க்க என்ன இருக்கிறது? சுய விழிப்பு, சொந்தப் பொறுப்பு என்பதெல்லாம் கம்பெனி தப்பைக் காசு கொடுத்து நம் தலையில் கட்டும் வித்தை. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

30 அக்டோபர், இரவு

பாதி சரி. மீதிப் பாதியில் எனக்கு உங்களோடு சண்டை இருக்கிறது.

நானும் கோச்சிடம் அனுப்பப்பட்ட ஆள்தான். 2022 செப்டம்பரில். டர்பனுக்குத் தெற்கே ஒரு கிடங்கில் டிஸ்பேட்ச் பார்க்கிறேன். இருபது வருடம் வேலை பார்த்தவனுக்கு டியூஷன் வைத்தது மாதிரி இருந்தது. வீட்டில்கூடச் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை மீட்டிங் என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன்.

இப்போதைக்கு ஒரே கேள்வி. அந்த அம்மா எழுதும் குறிப்புகள் யாருக்குப் போகின்றன? அது தெரியாமல் இரண்டாவது தடவை உட்காராதீர்கள். மற்றது நாளைக்கு. கரன்ட் போகும் நேரம்.

31 அக்டோபர்

இந்த வேலை எங்கிருந்து வந்தது என்று தெரிந்ததும் எனக்குக் கோபம் கொஞ்சம் இறங்கியது. டென்னிஸ் மைதானத்திலிருந்து. அமெரிக்காவில் திமோத்தி கால்வே என்று ஒரு டென்னிஸ் ஆசிரியர். மணிக்கட்டை இப்படிப் பிடி, தோளை அப்படித் திருப்பு என்று கத்திக் கத்தி அலுத்தாரோ என்னவோ, 1970களின் தொடக்கத்தில் ஒரு சின்ன வேலை செய்தார். பந்து தரையில் படும்போது "பவுன்ஸ்" என்று சொல், மட்டையில் படும்போது "ஹிட்" என்று சொல். அவ்வளவுதான். பந்தைக் கவனிக்க ஆரம்பித்ததும் ஆட்டம் தானாகத் திருந்தியது. அதை பிரிட்டனில் ஆபீசுக்குள் கொண்டு வந்தவர்களில் முக்கியமானவர் ஜான் விட்மோர். 1965ல் ஐரோப்பிய டூரிங் கார் பட்டம் ஜெயித்த பந்தயக்காரர். கோச்சிங்கின் சாரம் என்று அவர் சொன்னது இரண்டே இரண்டு: விழிப்பு, பொறுப்பு. உங்கள் கோச் வாயில் வருவதும் அதே இரண்டு. ஆக, அந்த அம்மா உங்களுக்காகத் தனியாகக் கண்டுபிடித்த வலை இல்லை அது.

ஆனால் பாருங்கள், கால்வே "பந்தைப் பார்" என்றுதான் சொன்னார். "நீ ஏன் இப்படி ஆடுகிறாய்" என்று கேட்கவில்லை.

நம் பக்கத்தில் இன்னொரு சிக்கல். பொறுப்பு என்றாலே நமக்குச் சுமை. பொறு, பொறுமை, பொறுத்துப் போ, பொறுப்பு, எல்லாம் ஒரே வேர். "பொறுப்பு எடுத்துக்கொள்" என்று யாராவது சொன்னால் நம் காதில் "மூட்டையைத் தூக்கு" என்றுதான் விழுகிறது. உங்களுக்கும் அப்படித்தான் விழுந்திருக்கும்.

2 நவம்பர்

சரி, என் கதை. நீளமாக வரும்.

2022 ஆகஸ்ட், ஒரு வெள்ளிக்கிழமை. காலையில் வர வேண்டிய கன்டெய்னர் சாயங்காலம் நாலேகாலுக்கு வந்தது. மீன் டின், தக்காளிச் சாஸில் போட்ட மத்தி. ராத்திரி எட்டு மணி இருக்கும், ஏழாவது சந்தில் ஃபோர்க்லிஃப்டின் பின்பக்கம் ரேக்கின் காலில் மோதி, மூன்றாவது தட்டிலிருந்து இரண்டு பேலட் (சரக்கு அடுக்கிய பலகை) கீழே வந்தன. கீழே ஆள் இல்லை. குலதெய்வம் காப்பாற்றியது. தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டை ஒட்டிச் சாஸ் ஓடி, வடிகால் மூடி வரைக்கும் போனது. இரண்டு வாரம் கிடங்கு முழுக்க மீன் குழம்பு வாசம்.

ரிப்போர்ட் நான்தான் எழுதினேன். அதற்கப்புறம் வேறு இரண்டு மூன்று புகார்களும் சேர்ந்து (நான் கத்துகிறேன், கேட்பதில்லை, இத்யாதி) என்னைக் கோச்சிடம் அனுப்பினார்கள். அறுபது வயது ஜூலு அம்மா, முன்னாள் நர்ஸ். நான் அந்த ரிப்போர்ட்டை ஆங்கிலத்தில் ஒப்பித்தேன். கேட்டுவிட்டு, "இதையே உன் வீட்டு மொழியில் சொல்லு" என்றார்.

"உங்களுக்குப் புரியாதே."

"எனக்குப் புரிய வேண்டியதில்லை."

என் போனிலேயே பதிவு செய்யச் சொன்னார். வீட்டுக்குப் போய் அதைக் கேட்டு, வினைச்சொல்லை மட்டும் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். வீட்டு வாசலில் காரை நிறுத்தி, உள்ளேயே உட்கார்ந்து, ஒரு டெலிவரி நோட்டின் பின்பக்கத்தில் எழுதினேன்.

என் பக்கம்: கன்டெய்னர் தாமதமாக வந்தது. வழி குறைந்துபோனது. ரேக் கால் ஏற்கெனவே வளைந்திருந்தது. சொல்ல மறந்துபோச்சு. பேலட் விழுந்தது. எனக்குக் கோபம் வந்தது.

டிரைவர் பக்கம்: இடித்தார். வளைத்தார். உடைத்தார். சீக்கிரம் முடிக்கப் பார்த்தார்.

பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்பில் தமிழையா போர்டில் எழுதிய தன்வினையும் பிறவினையும் டெலிவரி நோட்டில் வந்து உட்கார்ந்திருந்தன. என் பக்கம் முழுக்க "ந்த". அவர் பக்கம் முழுக்க "த்த". என் கையில் எல்லாம் தானாக நடந்திருக்கிறது, அவர் கையில் எல்லாம் அவர் செய்திருக்கிறார். கோபம்கூட வந்தது, நான் படவில்லை. பஸ் மாதிரி அதுவாக வந்து நின்றிருக்கிறது.

அடுத்த செவ்வாய் அந்த அம்மாவுக்கு இதை விளக்கினேன். விழுந்து விழுந்து சிரித்தார். ஜூலுவிலும் இப்படித்தானாம். புலா என்றால் உடைப்பது, புக்கா என்றால் உடைவது. "என் பேரன்களுக்குப் புக்கா மட்டும்தான் தெரியும்" என்றார். சிரித்து முடித்துவிட்டு, "சரி, உன் பட்டியலில் இல்லாத வினை எது?" என்றார்.

அதற்குப் பதில் சொல்ல எனக்கு இரண்டு வாரம் ஆனது. மூன்று வினை இருந்தது. ஒன்று, கன்டெய்னரை இறக்க இடமில்லாமல், பேலட்டைச் சந்து முனையிலேயே வையுங்கள் என்று நான் சொன்னேன். இரண்டு, அந்த டிரைவர் அன்றைக்கு இரண்டாவது ஷிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். அதற்குக் கையெழுத்துப் போட்டது நான். மூன்று, அந்த ரேக் கால் வளைந்திருந்ததைத் திங்கட்கிழமையே பார்த்தேன். சும்மா பார்க்கவில்லை. குனிந்து, பெயின்ட் உரிந்த இடத்தை விரலால் தடவினேன். மெயின்டனன்ஸ் ஆளிடம் "ஜஸ்ட் நௌ சொல்றேன்" என்றேன். இந்த நாட்டில் பத்து வருடத்துக்கு மேல் இருந்தவனுக்கு அதன் அர்த்தம் தெரியாமலா? ஜஸ்ட் நௌ என்றால் இங்கே இப்போது இல்லை, அப்புறம், எப்போதாவது.

2 நவம்பர், கொஞ்சம் கழித்து

மேலே "குலதெய்வம் காப்பாற்றியது" என்று எழுதியிருக்கிறேன். நல்லது நடந்தால் சாமிக்காவது ஒரு வினை கொடுக்கிறேன் போல.

4 நவம்பர்

இதற்கு உளவியலில் பேர் இருக்கிறது. 1971ல் எட்வர்ட் ஜோன்ஸ், ரிச்சர்ட் நிஸ்பெட் என்று இரண்டு பேர் எழுதினார்கள்: நம் செயலுக்கு நாம் சூழ்நிலையைக் காரணம் காட்டுகிறோம், அடுத்தவர் செயலுக்கு அவர் குணத்தை. நான் லேட்டாக வந்தால் டிராஃபிக், நீ லேட்டாக வந்தால் சோம்பேறி. மனுஷன் எங்கேயும் எப்போதும் இப்படித்தான்.

இன்னொன்று, ஜோஹரி ஜன்னல். முதலில் கேட்டபோது யாரோ வட இந்திய நகைக்கடைச் சேட்டு எழுதியது என்று நினைத்தேன். ஜோஹரி என்றால் இந்தியில் நகை வியாபாரிதானே. பார்த்தால், 1955ல் ஜோசப் லுஃப்ட், ஹாரிங்டன் இங்கம் என்ற இரண்டு அமெரிக்கர்கள் தங்கள் செல்லப் பெயர்களை, ஜோவையும் ஹாரியையும், ஒட்டவைத்தது. நாலு கட்டம். எனக்கும் ஊருக்கும் தெரிந்தது, எனக்கு மட்டும் தெரிந்தது, ஊருக்குத் தெரிந்து எனக்குத் தெரியாதது, யாருக்குமே தெரியாதது. மூன்றாவது கட்டத்தைத் திறக்கத்தான் கோச். முதுகில் ஒட்டிய காகிதம் மாதிரி அது. வேறு ஒருவர்தான் படித்துச் சொல்ல வேண்டும்.

என் வளைந்த ரேக் கால் அந்த மூன்றாவது கட்டத்தில் இல்லை என்பதுதான் சங்கடம். அது எனக்கு மட்டும் தெரிந்த இரண்டாவது கட்டத்தில் இருந்தது.

6 நவம்பர்

"உங்கள் கோழைத்தனத்துக்குத் தமிழ் இலக்கணத்தைக் குறை சொல்லாதீர்கள். ஆங்கிலத்தில் அரசியல்வாதிகள் ‘தவறுகள் இழைக்கப்பட்டன’ என்று சொல்வதில்லையா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஒப்புக்கொள்கிறேன். மொழி மேல் பழி போட்டதும் ஒரு "ந்த" வேலைதான். என் ஆங்கில ரிப்போர்ட்டிலும் பேலட் தானாகத்தான் விழுந்தது. ஆங்கிலத்தில் எழுதும்போது அது ஆபீஸ் நடை என்று நினைத்துக்கொண்டேன், தமிழில் கேட்டபோதுதான் என் குரலாக இருந்தது. அதுதான் சொல்ல வந்தது, சரியாகச் சொல்லவில்லை.

9 நவம்பர்

திருத்தம். 4ஆம் தேதி "எங்கேயும் எப்போதும்" என்று அளந்துவிட்டேன். 2006ல் பெர்ட்ராம் மாலே என்பவர் 173 ஆய்வுகளைச் சேர்த்துக் கூட்டிப் பார்த்திருக்கிறார். மொத்தமாகப் பார்த்தால் அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. கெட்டது நடந்த இடங்களில் மட்டும் நிற்கிறது. நல்லது நடந்த இடங்களில் தலைகீழ்: ஜெயித்தால் என் திறமை, நீ ஜெயித்தால் உன் அதிர்ஷ்டம்.

என் அனுபவத்துக்கு இந்தத் திருத்தம்தான் அச்சு அசலாகப் பொருந்துகிறது. போன வருடம் ஸ்டாக் கணக்கு சுத்தமாக வந்தபோது "சரக்கு தானாகச் சரியாகிவிட்டது" என்றா சொன்னேன்? "சரி பண்ணினேன்" என்றேன், மூன்று மீட்டிங்கில்.

12 நவம்பர், தீபாவளி

மனைவி இந்த இழையைப் படித்துவிட்டார். (செவ்வாய்க்கிழமை மீட்டிங் விஷயம் இப்படித்தான் வெளியே வந்தது. அதைத் தனியாக விசாரிக்கிறார்.) காலையில் நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் போனில் இருந்தேன். "பால் பொங்கிடுச்சு" என்றேன். "பொங்கவிட்டுட்டேன்னு சொல்லுங்க" என்றார். பால் பொங்கினால் பண்டிகை கொண்டாடுகிற ஜாதி நாம், இதற்கெல்லாம் கோச்சிங்கா என்றேன். அடுப்பை நான்தான் துடைத்தேன்.

16 நவம்பர்

1860ல் இதே தேதியில்தான் கரும்புத் தோட்டக் கூலிகளாக வந்த இந்தியர்களின் முதல் கப்பலான ட்ரூரோ, மெட்ராஸிலிருந்து 342 பேரோடு டர்பனில் வந்து நின்றது. வேலையில் டீ நேரத்தில் பேச்சு அங்கே போனது. அந்த ஃபோர்க்லிஃப்ட் டிரைவர், டர்பனில் இந்தியர்கள் அதிகம் இருக்கும் சாட்ஸ்வொர்த்காரர், கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பம். தமிழ் பேச வராது. ஆயா, தாத்தா, அண்ணா, மாமா, இவ்வளவுதான் மிச்சம். என்னைவிட எட்டு வயது பெரியவர், என்னை "அண்ணா" என்பார். இங்கே அது மரியாதைக்கு. வயதுக் கணக்கு இல்லை.

இவ்வளவு நாள் அவரைப் பற்றி எழுதாமல் தள்ளிப் போட்டேன். அந்தச் சம்பவத்துக்கு எனக்குக் கிடைத்தது கோச். ஏசி அறை, டீ, பிஸ்கட், "உன் பங்கு என்ன" என்ற மென்மையான கேள்வி. அவருக்குக் கிடைத்தது எச்சரிக்கைக் கடிதம், ஆறு மாதத்துக்கு. அவரிடம் யாரும் விழிப்பு, பொறுப்பு என்று பேசவில்லை. என் ரிப்போர்ட்டைக் காட்டிக் கையெழுத்து வாங்கினார்கள்.

உங்கள் "வித்தை" என்ற சொல்லை இந்த இடத்தில் நான் ஏற்கிறேன். மேனேஜர் தப்பு செய்தால் அவன் வளர வேண்டிய மனிதன். டிரைவர் தப்பு செய்தால் அவர் ஒரு ஃபைல்.

அந்த மூன்று வினையைக் கண்டுபிடித்த பிறகு கோச் என்னிடம் எதுவும் சொல்லவில்லை, அடுத்து என்ன செய்யப் போகிறாய் என்று மட்டும் கேட்டார். ஒரு வாரம் தூக்கம் போனது. (தூக்கத்தை நான் தொலைத்தேன் என்று எழுத வேண்டுமோ? வேண்டாம், இது உண்மையாகவே தானாகப் போனது.) அப்புறம் எச்ஆருக்கு ஒரு பக்கம் எழுதினேன். சந்து முனை, இரட்டை ஷிஃப்ட், ரேக் கால். எழுதி அனுப்ப நாலு நிமிஷம்தான் ஆனது. மூன்று வாரம் கழித்து டிரைவருடைய கடிதத்தை வாபஸ் வாங்கினார்கள், எனக்கு ஒன்று கொடுத்தார்கள். நியாயம்தான்.

அவரிடம் போய்ச் சொன்னேன். கட்டிப்பிடிப்பார் என்று நினைத்தேனா? கொஞ்சம் நினைத்தேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே, "அன்னைக்கே சொல்லியிருக்கலாம் அண்ணா" என்றார். என் பிள்ளைகள் முன்னால் இரண்டு மாதம் நான் உடைத்தவனாக இருந்தேன் என்றார். அவ்வளவுதான். ஃபோர்க்லிஃப்ட்டைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

இன்றைக்கு டீ நேரத்தில் வடை கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தார். எனக்கும்.

17 நவம்பர்

"அப்படியானால் கோச்சிங் உங்களை நல்லவனாக்கியது என்கிறீர்களா?" இல்லை. இப்போதும் கத்துகிறேன். கத்தினேன் என்று பிறகு தெரிகிறது, அதுதான் வித்தியாசம்.

20 நவம்பர்

ஜோபர்க் வாசகர் பதில் போட்டிருக்கிறார். குறிப்புகள் ரகசியம், ஆனால் ஒரு "சுருக்கம்" எச்ஆருக்குப் போகும் என்று கோச் சொன்னாராம். கூடவே மேனேஜர் கொடுத்த கடிதத்தில் "பணித்திறன்" என்ற சொல் இரண்டு இடத்தில் வருகிறதாம்.

இங்கே நிறுத்தி யோசியுங்கள். இந்த நாட்டில் 1995ஆம் வருடத்துத் தொழிலாளர் உறவுச் சட்டத்தை ஒட்டி வேலைநீக்க நெறிமுறை என்று ஒன்று இருக்கிறது. வேலைத்திறன் போதவில்லை என்று ஒருவரை வெளியே அனுப்ப வேண்டுமானால், அதற்கு முன்னால் மதிப்பீடு செய்திருக்க வேண்டும். பயிற்சி, வழிகாட்டல், ஆலோசனை என்று தேவையானதைக் கொடுத்திருக்க வேண்டும். திருந்த நியாயமான அவகாசம் விட்டிருக்க வேண்டும். தொழிலாளிக்கு அரணாக எழுதியது. ஆனால் அதே அரணைப் படிக்கட்டாகவும் பயன்படுத்தலாம்: "கோச் வைத்தோம், ஆறு தடவை உட்கார்ந்தார், முன்னேற்றம் இல்லை" என்று ஃபைலில் ஒரு தாள் ஏறினால் போதும். எல்லாக் கம்பெனியும் அப்படிச் செய்கிறது என்று சொல்லவில்லை. என்னை அனுப்பியவர்கள் அப்படி நினைக்கவில்லை. ஆனால் உங்கள் கடிதம் எந்த வகை என்று நீங்கள் தெரிந்துகொண்டே ஆக வேண்டும்.

கேட்க வேண்டியது: இது வளர்ச்சிக்கா, பணித்திறன் நடவடிக்கையின் பகுதியா என்று எழுத்தில் ஒரு வரி. சுருக்கம் எச்ஆருக்குப் போகும் முன் நீங்கள் படித்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு வரி. இரண்டும் மின்னஞ்சலில், சண்டைத் தொனி இல்லாமல். வேலை போய்விட்டால் சி.சி.எம்.ஏ.வுக்கு (தொழிலாளர் தகராறுகளைத் தீர்க்கும் ஆணையம்) போக 30 நாள்தான் கணக்கு என்பதையும் மூளையில் ஒரு ஓரத்தில் போட்டு வையுங்கள். அங்கே போக வக்கீல் தேவையில்லை, கட்டணமும் இல்லை.

என் கோச் முதல் நாளே சொல்லிவிட்டார்: நீ வந்தாயா இல்லையா என்பதும், நீ எடுத்துக்கொண்ட இலக்கு என்ன என்பதும்தான் உன் முதலாளிக்குப் போகும், மற்றது இந்த அறையில் கிடக்கும். அதனால்தான் ரேக் கால் என் வாயிலிருந்து வந்தது. உள்ளே சொல்வது வெளியே போகும் என்றால் எவன் உண்மை பேசுவான்? நான் பேசியிருக்க மாட்டேன்.

30ஆம் தேதி "இரண்டாவது தடவை உட்காராதீர்கள்" என்று எழுதியது அதிகப்படி. போகாமல் இருந்தால் அதுவும் ஃபைலில் ஏறும். போங்கள், ஆனால் கேட்டுவிட்டு உட்காருங்கள்.

20 நவம்பர், இரவு

இன்னொரு விஷயம். "ஏன்" என்று கேட்கிற கோச்சா, "என்ன" என்று கேட்கிற கோச்சா? தமிழ் வீட்டில் வளர்ந்தவனுக்கு "ஏன்டா இப்படிப் பண்ணினே" என்பது கேள்வியே இல்லை. பதில் சொன்னால் எதிர்த்துப் பேசுகிறான் என்று இன்னொரு அடி விழும். அதனால் "ஏன்" காதில் விழுந்ததும் எனக்கு வாய் அடைத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் வக்கீல் வந்துவிடுவான். என் கோச் ஒரு தடவைகூட "ஏன்" கேட்டதில்லை. "அப்போது உன் கண்ணுக்கு என்ன தெரிந்தது", "அப்புறம் என்ன செய்தாய்". பவுன்ஸ், ஹிட்.

27 நவம்பர்

இன்றைக்கு எல்லாக் கேள்விக்கும் எங்களிடம் ஒரே பதில்தான்: கப்பல். டர்பன் துறைமுகத்துக்கு வெளியே அறுபதுக்கும் மேல் கப்பல் காத்துக்கொண்டிருக்கிறது. இயந்திரப் பழுது, காற்று, என்னென்னவோ. மேட்டில் ஏறிக் கடலைப் பார்த்தால் மாட்டுச் சந்தையில் லாரி நிற்கிற மாதிரி வரிசை. கிறிஸ்துமஸ் சரக்கெல்லாம் அங்கே மிதக்கிறது.

காலையில் கடைக்காரர் ஒருவர் போனில் திட்டினார். "தாமதமாகிவிட்டது சார்" என்றேன். சொன்னதும் எனக்கே சிரிப்பு, அப்புறம் யோசித்தேன். இது உண்மையான "ந்த". நான் தாமதப்படுத்தவில்லை. அறுபது கப்பலை மனதளவில் என் தலையில் ஏற்றிக்கொண்டால் அது விழிப்பு இல்லை, கிறுக்கு. ஆக, "ந்த" எல்லாம் பொய் என்று நான் முன்னால் எழுதிய தொனி தப்பு. ஜோபர்க் வாசகர் முதலிலேயே இதைத்தான் சொன்னார்: இரண்டு ஆள் குறைந்தது, நான் குறைக்கவில்லை. அது உண்மைதான்.

ஆனால் கடைக்காரரிடம் இன்னொரு வினையும் இருந்தது. கன்டெய்னர் வராது என்று எனக்குப் போன செவ்வாயே தெரியும். அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேறு எங்காவது வாங்கியிருப்பார், ஆர்டர் போய்விடும் என்று பேசாமல் இருந்தேன். கப்பல் என் தப்பு இல்லை. ஆறு நாள் மௌனம் என்னுடையது.

எனவே வாசகருக்கு ஒரு கேள்வி, கோபப்படாதீர்கள். ஐந்து பேர் வேலையை மூன்று பேர் செய்கிறோம் என்று யாருக்காவது எழுத்தில் தெரிவித்தீர்களா? எத்தனை மணி நேரம் கூடுதலாகப் போகிறது, எந்த வேலையை விட்டால் கணக்கு நேரத்துக்கு வரும் என்று?

29 நவம்பர்

பதில் வந்திருக்கிறது. எழுதவில்லையாம். அவரும் இன்னொருவரும் ராத்திரி ஒன்பது வரைக்கும் உட்கார்ந்து, சனிக்கிழமை வீட்டுக்கு லேப்டாப் கொண்டுபோய், ஏழு மாதம் கணக்கை நேரத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். எட்டாவது மாதம் முடியவில்லை. அப்போதுதான் "பணித்திறன்".

அட பாவமே. ஏழு மாதம் அந்த ஓட்டையை நீங்கள் உடம்பால் அடைத்து நின்றிருக்கிறீர்கள். மேலே இருப்பவருக்கு ஓட்டை இருப்பதே தெரியவில்லை. அல்லது தெரிந்தும் சௌகரியமாக இருந்திருக்கிறார். அந்த மேனேஜருக்கும் ஒரு டெலிவரி நோட்டு கொடுத்து வினைச்சொல் எழுதச் சொல்ல வேண்டும். ஆள் எடுக்கவில்லை, கேட்கவில்லை, பார்க்கவில்லை. ஆனால் அவர் நோட்டை நீங்கள் எழுத முடியாது. உங்கள் நோட்டில் "மறைத்தேன்" என்று ஒன்று இருக்கிறது. அதைக் கோச்சிடம் எடுத்துப் போங்கள். அதோடு அந்த ஏழு மாத நேரக் கணக்கையும் எடுத்துப் போங்கள். கணக்குப் பிள்ளைக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

3 டிசம்பர்

சம்பந்தமில்லாத விஷயம். ரக்பி பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்டார்கள். எழுதினால் நிறுத்த மாட்டேன் என்பதால். இந்த வருட உலகக் கோப்பையில் நம் தென்னாப்பிரிக்கா ஜெயித்தது பிரான்ஸோடு 29-28, இங்கிலாந்தோடு 16-15, நியூசிலாந்தோடு 12-11. மூன்றும் ஒரே ஒரு புள்ளி. ஃபைனல் முடிய ஏழு நிமிஷம் இருக்கும்போது செஸ்லின் கோல்பிக்கு மஞ்சள் அட்டை. நாற்காலியில் உட்கார்ந்து ஜெர்சியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார், ஞாபகம் இருக்கிறதா? எச்ஆருக்கு அந்தக் கடிதம் அனுப்பிய மூன்று வாரம் நான் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். ஜெர்சிதான் இல்லை.

15 டிசம்பர்

ரக்பி ஜெயித்ததற்காக ஜனாதிபதி இன்றைக்கு விடுமுறை விட்டிருக்கிறார். நாளைக்கும் விடுமுறை. கப்பல் சரக்கு கொஞ்சம் கொஞ்சமாக இறங்க ஆரம்பித்திருப்பதால் எங்களுக்கு மட்டும் வேலை. காலையில் இரட்டை ஷிஃப்ட் தாள் மேஜைக்கு வந்தது, நாலு பேர். இரண்டு பேருக்குக் கையெழுத்துப் போட்டேன். மற்ற இரண்டு பேர் நேற்று ராத்திரியும் ஓட்டியவர்கள், மாட்டேன் என்றேன். ஒருவருக்கு என் மேல் சரியான கோபம், விடுமுறை நாள் சம்பளம் இரட்டிப்பு ஆயிற்றே. பிள்ளைக்கு ஸ்கூல் யூனிஃபார்ம் வாங்க வேண்டும் என்றார். விழிப்போடு ஒரு காரியம் செய்தால் மனது லேசாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

18 டிசம்பர்

ஜோபர்க் வாசகர் நாலாவது அமர்வு முடித்திருக்கிறார். நேரக் கணக்கைக் கோச் பார்த்துவிட்டு, "இதை உன் மேனேஜர் பார்த்திருக்கிறாரா" என்றாராம். மூவரும் சேர்ந்து உட்கார ஜனவரியில் தேதி கொடுத்திருக்கிறார்களாம். ஆள் எடுப்பார்களா என்று தெரியாது. "வித்தைதான் என்ற கருத்தை முழுசாக வாபஸ் வாங்கவில்லை" என்கிறார். வாங்க வேண்டாம், அந்தச் சுருக்கம் கைக்கு வரும்வரை வைத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் ஒருவர், அந்த ஏழாவது சந்து இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். வளைந்த காலை அப்போதே மாற்றிவிட்டார்கள். மற்ற ரேக் கால்களுக்குப் போட வேண்டிய இரும்புக் காப்பு மட்டும் இன்னும் வரவில்லை.

சரி, சரி. ஆர்டர் போடாமல் வைத்திருந்தேன். இன்றைக்குக் காலையில்தான் போட்டேன்.